தேங்காய் எண்ணெய் குடித்த டயல்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் பெரியப்பா நடத்திய அரவை மில்லை மூடி ரொம்ப நாளாகிறது. மோட்டார், பெல்ட், சல்லடை, மேடைத் தராசு எல்லாம் எடைக்குப் போயின. வீட்டுக்கு வந்து சேர்ந்தது கல்லா மேஜையில் இருந்த கறுப்பு டயல் போன் ஒன்றுதான். அதையும் யாரும் ஆசையாக எடுத்து வரவில்லை. எடைக்காரர் "பேக்கலைட்டுக்கு விலை இல்லீங்க" என்று (பேக்கலைட் என்பது அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) ஒதுக்கிவிட்டுப் போனதால் பரணுக்கு ஏறியது.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது பெரியப்பா அதை இறக்கச் சொன்னார். அவருக்கு 81 வயது. கண்ணில் நீர் அழுத்தம். நேரே பார்த்தால் கொஞ்சம் தெரியும், ஓரம் தெரியாது. டச் மொபைலில் பச்சையைத் தொடப் போய்ச் சிவப்பைத் தொட்டுவிடுகிறார்.

"இதுல ஓட்டை இருக்குப்பா. விரலை விட்டு எண்ணிப் போட்டுருவேன். இதை ஓட வெச்சுக் குடு."

"ஒருநாள் வேலை பெரியப்பா" என்றேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதில் ஒன்று முழுக்க என் தப்பான யூகத்துக்குப் போனது. அந்தத் தப்பு எப்படி நடந்தது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

வந்த நிலை

போனின் அடியில் பெங்களூர் ஐ.டி.ஐ. முத்திரை. இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் 1948இல் தொடங்கியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறை நிறுவனம். ஒரு தலைமுறைக்கு இந்திய வீடுகளிலும் ஆபீஸ்களிலும் மணியடித்த போன்களில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தவைதான். இந்த வடிவத்துக்குப் பூர்வீகம் நார்வே. ழான் ஹெய்பெர்க் என்ற ஓவியர் 1932 வாக்கில் எரிக்சன் நிறுவனத்துக்காக வடிவமைத்த பேக்கலைட் போனைத் தழுவித்தான் பிரிட்டன் 1937இல் தன் 300 வரிசைப் போன்களை இறக்கியது. கோயில் பீடம் மாதிரி கீழே அகன்று மேலே குறுகும் அந்த உடம்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெரியப்பாவின் போனும் அதே சாயல்.

தூக்கிப் பார்த்தால் கனம் அப்படியே இருந்தது. ரிசீவரில் விரிசல் இல்லை. துணி சுற்றிய கயிறு ஓரிடத்தில் நைந்து உள்ளே ரப்பர் தெரிந்தது. டயல் தட்டில் ஓர் ஓட்டையின் விளிம்பு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அந்தக் காலத்தில் டயலுக்குப் பூட்டு போடுவார்களே, அதன் தடம். டயலைச் சுற்றினால் சுற்றியது. விட்டால் திரும்பியது, ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்திருக்கும் ஆள் மாதிரி. லைனுக்குப் போகும் வயரில் மூன்று இழை. இரண்டு நன்றாக இருந்தன. மூன்றாவதை யாரோ வெட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள்.

அந்த மூன்றாவது இழையை முதல் நாளே மதித்திருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு: ஏமாந்த கதை

பழைய போன் கைக்கு வந்தால் முதலில் போனைப் பிரிக்கக் கூடாது, லைனைப் பார்க்க வேண்டும். பெரியப்பா வீட்டில் செம்பு லைனைச் சரண்டர் செய்து சில வருடமாகிறது. இப்போது ஃபைபர். அந்த மோடத்தின் பின்னால் ஒரு டெலிபோன் ஓட்டை இருக்கிறது. அதில் சாதாரண பட்டன் போனைச் செருகினேன். டோன் வந்தது, கால் போனது, மணியும் அடித்தது. ரிசீவர் கீழே இருக்கும்போது மீட்டரில் 47 வோல்ட். பழைய எக்ஸ்சேஞ்சும் ஏறக்குறைய இதே 48 வோல்ட்டைத்தான் கொடுத்தது. ஆக, லைன் சரி.

அடுத்து டயல் போன். நல்ல இழை இரண்டை மட்டும் கடையில் வாங்கிய பிளக் வயரோடு முறுக்கி இணைத்தேன். ரிசீவரைத் தூக்கினேன். காதில் டோன். இத்தனை வருடம் பரணில் கிடந்த போன் முதல் தூக்கலிலேயே டோன் கேட்டது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இனி முக்கியமான கேள்வி. டயல் போன் எண்ணை ஒலியாக அனுப்புவதில்லை. ரிசீவரைத் தூக்கியதும் லைனில் ஓடும் மின்னோட்டத்தை விட்டு விட்டு வெட்டுகிறது. 4 போட்டால் நான்கு வெட்டு, 0 போட்டால் பத்து. நொடிக்குப் பத்து வெட்டு வேகம். ஒவ்வொன்றிலும் மூன்றில் இரண்டு பங்கு நேரம் லைன் துண்டித்திருக்கும், ஒரு பங்கு இணைந்திருக்கும். டயல் பூட்டைப் பார்த்து மில் பசங்க அசரவே மாட்டார்கள். ரிசீவரை வைக்கும் கிரேடிலின் பட்டனைக் கையாலேயே தட்டி எண் போட்டுவிடுவார்கள். நான்கு தட்டு என்றால் நான்கு. எக்ஸ்சேஞ்சுக்குத் தட்டியது டயலா விரலா என்று தெரியாது. (இந்தப் போனில் அப்படிப் பேசியவர்கள் யார் யார் என்று பெரியப்பாவுக்கு இன்றும் பட்டியல் தெரியும்.)

அந்த வெட்டுகளை மோடம் புரிந்துகொள்ளுமா என்பதுதான் கேள்வி. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. டோன் கேட்கும்போது ஓர் எண்ணைச் சுற்ற வேண்டும். டோன் நின்றால் எதிர்ப்பக்கம் எண்ணை வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். டோன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் அதற்குக் காது கேட்கவில்லை.

சுற்றினேன். டோன் நின்றது.

"புரிஞ்சுக்குது பெரியப்பா!" என்று கத்தினேன். பிறகு என் மொபைல் எண்ணை முழுதாகச் சுற்றினேன். மௌனம். மறுபடி சுற்றினேன். மௌனம். டயல் மெதுவாகத் திரும்புவதால் எண்ணிக்கை தப்புகிறது, மோடம் ஏதோ தப்பான எண்ணை வாங்கிவைத்துக்கொண்டு முழிக்கிறது என்று முடிவு கட்டினேன். மோடத்தின் செட்டிங் பக்கத்துக்குள் நுழைந்து கண்ணில் பட்டதையெல்லாம் தேடி, அணைத்து, ஏற்றி, பொழுது சாய்ந்தது. சோதனை சரியானது. அதன் விடையை நான் படித்த விதம்தான் தப்பு. ஏன் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

மூன்றாவது இழை

அடுத்த ஞாயிறு மணியிலிருந்து தொடங்கினேன். என் மொபைலிலிருந்து கூப்பிட்டால் டயல் போன் அடிக்கவே இல்லை. இந்த மாதிரிப் போன்களில் மணியின் ஒரு முனை தனி வயரில் வெளியே வரும். லைன் வந்து சேரும் ரோஸெட் பெட்டியில் அதை லைன் வயர் ஒன்றோடு சேர்த்தால்தான் மணிக்கு மின்சாரம் போகும். டேப் சுற்றிய மூன்றாவது இழை அதுதான் என்று வயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்ததில் தெரிந்தது. டேப்பைப் பிரித்து, சுரண்டி, லைனோடு சேர்த்தேன்.

உடனே மோடத்தில் போன் விளக்கு எரிந்தது. ரிசீவர் கிரேடிலில்தான் இருக்கிறது. மோடமோ யாரோ எடுத்துப் பேசுவதாக நினைக்கிறது. வெளியிலிருந்து கூப்பிட்டால் எங்கேஜ்டு. மூன்றாவது இழையைப் பிரித்தால் விளக்கு அணைகிறது, சேர்த்தால் எரிகிறது.

யாரோ ஒரு காலத்தில் ஏன் அதை வெட்டினார் என்பது அப்போதுதான் விளங்கியது. மில் லைன் எப்போதும் எங்கேஜ்டாகவே இருந்திருக்கும். வந்து பார்த்தவர் மணி வயரை வெட்டியதும் லைன் விடுபட்டிருக்கும். மணி போனது யாருக்கும் பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. ஏனென்றால் அதற்குள் பக்கத்து அறையில் ஒரு பட்டன் போன் வந்துவிட்டது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு லைன் ஓட வேண்டும், ஓட வைத்தார்.

மணிச் சுற்று எளிமையானது: 1000 ஓம் சுருள், அதோடு தொடராக 2 மைக்ரோ ஃபாரட் கன்டென்சர். எக்ஸ்சேஞ்ச் மணியடிக்க அனுப்புவது மாறுமின்சாரம், 75 வோல்ட், நொடிக்கு 25 சுழற்சி. கன்டென்சர் அதை விடும், 48 வோல்ட் நேர்மின்சாரத்தைத் தடுக்கும். வாசலில் நிற்கும் ஆள் மாதிரி. தெரிந்தவரை உள்ளே விட்டு மற்றவரை நிறுத்துவதுதான் வேலை. அந்த ஆள் தூங்கிவிட்டால் நேர்மின்சாரம் சுருள் வழியாகக் கசியும். போனைக் கழற்றி, ரிசீவர் கீழே இருக்க, இரண்டு முனைக்கும் மீட்டர் வைத்தேன். நல்ல போனில் முள் ஒருமுறை துள்ளிவிட்டு எல்லையில்லா எதிர்ப்புக்குப் போய்விட வேண்டும். இது துள்ளி, இறங்கி, 4000 ஓமில் உட்கார்ந்துவிட்டது. 48ஐ 4000ஆல் வகுத்தால் 12 மில்லி ஆம்பியர். மோடத்துக்கு அது போதும், ரிசீவர் தூக்கியாயிற்று என்று நம்ப.

அடித்தட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தித் திறந்தேன். நெல் வாசனை. நிஜமாகவே. மூலைமுடுக்கெல்லாம் உமித்தூசி, பழுப்பாக, பட்டுப்போல். மணியின் இரண்டு பித்தளைக் கிண்ணங்களுக்கும் நடுவே நாலாக மடித்த தினசரி காலண்டர் தாள் ஒன்று செருகியிருந்தது. தேதி மங்கிப்போய் "கரிநாள்" என்ற சொல் மட்டும் தெரிந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

கன்டென்சர் ஒரு தகரப் பெட்டி. காகிதமும் உலோகத் தாளும் சுருட்டி மெழுகோ எண்ணெயோ ஊற்றிய பழைய ரகம். காகிதம் ஈரம் குடித்தால் கதை முடிந்தது. டெல்டாவின் ஈரத்தில் இத்தனை வருடம் தாங்கியதே பெரிது. பெட்டியை உடைத்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும், வேண்டாம். உள்ளே என்ன எண்ணெய் என்று யாருக்கும் தெரியாது. அதன் வயரை மட்டும் கழற்றிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டேன்.

புதிதாக என்ன வாங்குவது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2.2 மைக்ரோ ஃபாரட் போதும் என்று கடைக்காரர் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றை எடுத்து நீட்டினார், 63 வோல்ட். ரகம், வோல்ட் இரண்டும் தப்பு. மணி மின்சாரம் இரு திசையிலும் ஓடும். எலக்ட்ரோலிட்டிக்குக்கு ஒரு திசைதான் ஆகும். 75 வோல்ட் என்பது சராசரிக் கணக்கு. உச்சத்தில் அது 106 வோல்ட். அதன் மேல் லைனின் 48ஐயும் கூட்டினால் 154. ஆகவே இரு திசைக்கும் ஆகும் 250 வோல்ட் ஃபிலிம் கன்டென்சர். சென்னை ரிட்சி தெருவில் ஒரு டீக்காசுக்குக் கொஞ்சம் மேலே.

ஈயம் வைத்து முடித்து, மூடாமலே மேஜையில் வைத்து, தம்பி மகனிடம் "கூப்பிடுடா" என்றேன். சொன்ன வேகத்தில் கூப்பிட்டான். என் விரல் இன்னும் முனையில் இருந்தது. மணி மின்சாரம் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது, ஆனால் முழங்கை வரை வந்து பெயரைக் கேட்கும். நான் கத்தியதில் மணி அடித்ததா இல்லையா என்பதே யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் முறை கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். அடித்தது, ஆனால் சுரத்தில்லாமல்.

டயலுக்குள்

மணியைப் பிறகு பார்க்கலாம் என்று டயலுக்கு வந்தேன். காலையில் ஒரு விஷயம் கவனத்தில் பட்டது. விடிகாலையில் டயல் திரும்ப ரொம்ப நேரம் எடுக்கிறது. மத்தியான வெயில் ஏறியதும் கொஞ்சம் பரவாயில்லை. ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தால் இப்படி வெயில் பார்த்து மாறாது.

வேகத்தை அளக்க மெஷின் எதுவும் தேவையில்லை. டயலுக்குப் பக்கத்தில் மொபைலை வைத்து, 0 சுற்றி, க்ளிக் சத்தத்தைப் பதிவு செய்தேன். லேப்டாப்பில் அலையாகப் பார்த்தால் பத்து முள் தனித்தனியாக நிற்கிறது. பத்து முள்ளுக்கு நடுவே ஒன்பது இடைவெளிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. நல்ல டயலில் முதல் முள்ளிலிருந்து கடைசி முள் வரை 0.9 நொடி. இதில் 1.5 நொடி, அதாவது நொடிக்கு ஆறு வெட்டு. கடைசி மூன்றும் இன்னும் தள்ளித் தள்ளி விழுந்திருந்தன. நடுவில் இவ்வளவு இடைவெளி விட்டால் எக்ஸ்சேஞ்ச் 0வை ஒரு 7, ஒரு 3 என்று பிரித்து வாங்கிக்கொள்ளக்கூடும்.

டயலின் பின்பக்கம் கைக்கடிகாரம் மாதிரி. நாம் சுற்றும்போது ஸ்ப்ரிங் முறுக்கேறும். விட்டபின் அது திரும்பி வரும்போதுதான் வெட்டுகள் நடக்கும். திரும்பும் வேகத்தை ஒரே அளவில் வைக்க ஒரு கவர்னர் உண்டு: திருகுப் பல் கொண்ட சின்னத் தண்டு வேகமாகச் சுழலும், அதில் இரண்டு குட்டி எடைகள். வேகம் கூடினால் எடைகள் விரிந்து சுற்றியுள்ள கிண்ணத்தின் சுவரில் உரசும், உரசல் வேகத்தைப் பிடிக்கும். அந்த 'கிர்ர்ர்' சத்தம் இதுதான். டயலை விரலால் தள்ளித் திருப்பாதே என்று வீட்டில் திட்டியது இதனால்தான்.

இந்தக் கிண்ணத்துக்குள் பழுப்பு நிறத்தில் களிம்பு. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய்.

"பெரியப்பா, டயலுக்கு எண்ணெய் விட்டீங்களா?"

"கரகரன்னு இருந்துச்சுப்பா. ரெண்டு சொட்டு விட்டேன். அப்பவே நல்லா சுத்துச்சே."

அப்போது நன்றாகத்தான் சுற்றியிருக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். தை மாதக் காலையில் குளியலறைப் பாட்டிலில் நடப்பதுதான் டயலுக்குள்ளும் நடந்தது. போதாததற்கு உமித்தூசி சேர்ந்து அரைத்த மாவு மாதிரி ஆகிவிட்டது. உரசி வேகம் பிடிக்க வேண்டிய இடத்துக்கு எண்ணெயே ஆகாது. தண்டின் இரு நுனிக்குத்தான் ஊசி முனையால் தொட்டு வைக்கும் அளவு கடிகார எண்ணெய்.

கழற்றும்போது இன்னொரு தப்பும் செய்தேன். நடு ஸ்க்ரூவை எடுத்ததும் விரல் தட்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதன் அடியில் ஸ்ப்ரிங் ஏற்கனவே கொஞ்சம் முறுக்கேறித்தான் இருக்கும். நான் கையை விட்டேன். சர்ரென்று அவிழ்ந்தது. எத்தனை சுற்று என்று எண்ணி வைக்காததால் திரும்பப் பூட்டும்போது முன்னும் பின்னும் முறுக்கிப் பார்த்தே சரியான இழுவையைக் கண்டுபிடித்தேன். இதற்கே ஒரு மணி நேரம்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துக் களிம்பை எடுத்தேன். மின்னோட்டத்தைச் சேர்த்து வெட்டும் காண்டாக்ட் தகடுகளுக்கு உப்புத்தாள் போடக் கூடாது. மேலே பூசிய நல்ல உலோகம் போய்விடும். கல்யாணப் பத்திரிகை அட்டையை நீளமாக நறுக்கி, ஆல்கஹாலில் நனைத்து, தகடுகளுக்கு நடுவே இழுத்தேன். முதல் இழுப்பில் கறுப்பு, நாலாவதில் வெள்ளை.

அந்த வேலையின்போதுதான் முதல் ஞாயிற்றின் ஏமாற்று வெளிப்பட்டது.

டயலில் வெட்டும் காண்டாக்ட் தவிர இன்னொரு ஜோடி உண்டு. டயல் நகர ஆரம்பித்ததும் அது மூடிக்கொண்டு காதுப் பக்கத்தை ஊமையாக்கும். வெட்டுகள் காதில் 'டப் டப்' என்று அறையாமல் இருக்க இந்த ஏற்பாடு. டயல் வீட்டுக்கு வந்ததும் அது விலகிக் காது திறக்க வேண்டும். களிம்பு அதையும் பிடித்துவைத்திருந்தது. ஒருமுறை சுற்றியதும் மூடிய காண்டாக்ட் திறக்கவே இல்லை. டோனை மோடம் நிறுத்தவில்லை. என் காதைத்தான் டயல் மூடியிருக்கிறது!

சுத்தம் செய்த டயலைப் பூட்டி, மறுபடி பதிவு செய்தேன்: 0.88 நொடி, நொடிக்குப் பத்துக்குச் சற்று மேல். ரிசீவரைத் தூக்கி 1 சுற்றினேன். டோன் போய்க்கொண்டே இருந்தது. 5 சுற்றினேன். போய்க்கொண்டே இருந்தது. போன் இப்போது சுத்தமாக வேலை செய்கிறது, ஆகவே உண்மையும் சுத்தமாகக் கேட்டது: மோடத்துக்கு இந்தப் பாஷை தெரியாது.

வயரின் அந்தப் பக்கம்

டயல் போனைச் சரிசெய்கிறவர்கள் பாதியில் விடுவது இந்த இடத்தில்தான். போனைக் குறை சொல்லிக்கொண்டே பிரித்துப் பிரித்துப் பூட்டுவார்கள். குறை போனில் இல்லை. வெட்டுகளை எண்ணி நகரும் ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சுகளுக்காகச் செய்த டயல் இது. சவ அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் 1891இல் அந்த எக்ஸ்சேஞ்சுக்குக் காப்புரிமை வாங்கினார். 1963இல் அமெரிக்காவில் பட்டன் டோன் வந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு சுரம். 5 என்றால் 770, 1336 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். மின்னணு எக்ஸ்சேஞ்சுகளும் ரொம்ப காலம் இரண்டு பாஷையும் பேசின. ஃபைபர் மோடங்களில் பலவற்றுக்குச் சுரம் மட்டும்தான் தெரியும். எல்லா மோடமும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. மேலே சொன்ன டோன் சோதனையை உங்கள் வீட்டில் செய்து பார்த்துக்கொள்ளலாம், காது திறந்திருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டு.

ஆக ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வெட்டைச் சுரமாக்கும் சின்னப் பலகைகள் வெளிநாட்டில் விற்கின்றன. நான் ஏடி டைனி 85 என்ற எட்டுக்கால் சில்லு ஒன்றை வைத்து நானே செய்தேன். டயலிலிருந்து வரும் வயர்களை லைனிலிருந்து கழற்றிப் பலகைக்குக் கொடுத்தேன். காதை மூடும் அந்த ஜோடி காண்டாக்ட் இங்கே பெரிய உதவி: அது மூடினால் "சுற்ற ஆரம்பித்தாயிற்று", திறந்தால் "முடிந்தது". நடுவே எத்தனை வெட்டு என்று எண்ணி, அதற்குரிய இரண்டு சுரத்தை லைனில் பாடிவிடும். என்னை ஏமாற்றிய காண்டாக்டுக்கே எண்ணிக்கைப் பொறுப்பைக் கொடுத்தது எனக்கு ஒரு திருப்தி.

போனின் பழைய வயர் எதையும் வெட்டவில்லை. எல்லாம் ஸ்க்ரூ முனைகளில் கழற்றி மாட்டியதுதான். நாளைக்கு யாராவது பழையபடி வேண்டும் என்றால் பத்து நிமிடம்.

இன்னொரு சிக்கல் பெரியப்பா சுற்றும்போது வந்தது. லேண்ட்லைனிலிருந்து மொபைலைக் கூப்பிட 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 சேர்க்க வேண்டும். ஆக பதினோரு எண். இழுத்து, விட்டு, திரும்பும்வரை காத்திருந்து சுற்றினால் எனக்கே இருபது நொடி. பெரியப்பா ஓட்டையைத் தடவி எண்ணிச் சுற்றுகிறவர். நடுவில் யோசிக்க நின்றால் மோடம் சில நொடிதான் பொறுக்கிறது, உடனே அரைகுறை எண்ணைக் கூப்பிடப் போய்விடுகிறது. அதனால் நிரலில் ஒரு குறுக்கு வழி வைத்தேன். ஓர் எண்ணைச் சுற்றி, விரல் போய் நிற்கும் ஸ்டாப்பிலேயே இரண்டு நொடி பிடித்தால் சேமித்த எண் தானே போகும். 1 கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா, 2 நான், 3 டாக்டர்.

"அப்ப டயல் எதுக்கு?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. அக்காவுக்கு 1, மற்றவர்களுக்கு முழுசாகச் சுற்றுவது என்று அவரே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்.

குரலும் மணியும்

அக்கா எடுத்தாள். "கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாள். எங்களுக்கு அவள் குரல் கணீரென்று கேட்டது. ஆக குறை வாய்ப்பக்கம்.

வாய்ப்பக்கத்தில் இருப்பது கரித்துகள் மைக். ஹென்றி ஹன்னிங்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1878இல் காப்புரிமை வாங்கிய யோசனை அது. ஒரு டப்பாவில் கரித்துகள், பேசும்போது தகடு அதிர்ந்து துகள்களை அமுக்கும், விடும், மின்தடை கூடிக் குறையும், அதுவே குரல். ஈரத்தில் துகள்கள் கட்டிபட்டுவிட்டால் குரல் அமுங்கிவிடும். மூடியைத் திருகி மைக்கை எடுத்து, உள்ளங்கையில் பக்கவாட்டில் பத்துத் தடவை தட்டினேன். பெருங்காய டப்பாவைத் தட்டுவது போல. மீட்டரில் 400 ஓமைத் தாண்டி நின்றது 70க்கு இறங்கியது. வைத்திய முறைகளில் இதைவிட மலிவானது கிடையாது. இது நிரந்தரமில்லை, மழைக்காலம் வந்தால் மறுபடி தட்ட வேண்டியிருக்கும். பெரியப்பாவுக்குத் தட்டக் கற்றுக்கொடுத்தாயிற்று.

கடைசியாக மணி. இரண்டு பித்தளைக் கிண்ணங்களின் ஸ்க்ரூ ஓட்டை நட்டநடுவில் இருக்காது, சற்று ஒதுங்கி இருக்கும். அது செய்பிழை இல்லை. கிண்ணத்தைத் திருப்பினால் அதன் விளிம்பு நாக்குக்குக் கிட்டே வரும், தள்ளியும் போகும். சத்தத்தை அப்படித்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒட்டி வைத்தால் 'டக் டக்' என்று மரச்சத்தம். தள்ளி வைத்தால் நாக்கு எட்டாது. நாக்கு தொட்டதும் தெறித்து வரும் இடம் ஒன்று உண்டு, அதைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான். பெரியம்மா இதற்குள் கிண்ணங்களைக் கழற்றி வாங்கித் திருநீறு போட்டுத் தேய்த்துக் கொடுத்திருந்தார். குத்துவிளக்குக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை.

பூட்டி, வலது கிண்ணத்தைக் கால் சுற்று திருப்பி, தம்பி மகனைக் கூப்பிடச் சொன்னேன். ட்ரிங் ட்ரிங், சின்ன இடைவெளி, ட்ரிங் ட்ரிங். கொல்லையில் இருந்த கோழி கத்தியது. எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து என்னவென்று கேட்டார். திண்ணையில் கண்ணயர்ந்திருந்த பெரியம்மா தூக்கிவாரிப்போட எழுந்து உட்கார்ந்தார்.

பெரியப்பா நான்காவது மணிக்கு எடுத்து, "ஹலோ, ரைஸ் மில்" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உள்ள ஒரு காயிதம் மடிச்சு வெச்சிருந்தேனே. அது எங்க?"

"நீங்கதான் வெச்சீங்களா?"

"மில்லுக்குச் சாப்பாடு கொண்டாந்துட்டு உங்க பெரியம்மா மத்தியானம் அங்கேயே படுத்திருப்பா. இது அலறுச்சுன்னா எந்திரிச்சிருவா."

சட்டை துவைக்கப் போயிருந்தது. காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, நாலாக மடித்து, ஸ்க்ரூக்களை மறுபடி தளர்த்தினேன்.